காட்டுயிர் வாரம்: பிள்ளைகளை எந்தக் கிழமை வெளியே கூட்டிப் போவது?

கேட்டிருப்பவர் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. முப்பது பிள்ளைகள், எல்லாம் ஆறேழு வயது. ஒரு வாரம் முழுக்கக் காட்டுயிர் பற்றிய பாடம். அதில் ஒரு நாள் வெளியே கூட்டிப் போக அனுமதி கிடைத்திருக்கிறது. "நான்கு நாள் பாடம் நடத்திவிட்டு வெள்ளிக்கிழமை போகட்டுமா, இல்லை முதல் நாளே போய்விட்டு வந்து பாடம் எடுக்கட்டுமா? மற்ற நாட்களில் வகுப்பில் என்ன செய்வது?" இதுதான் கேள்வி.

புதன்கிழமை போங்கள். சுருக்கமான பதில் அவ்வளவுதான். ஏன் என்று சொல்வதற்குத்தான் மற்றதெல்லாம்.

இரண்டு தப்பையும் நான் செய்து பார்த்தவன். முதல் முறை வெள்ளிக்கிழமை போனோம். ஒழுங்காகப் படித்ததற்குக் கிடைத்த பரிசு மாதிரி ஆகிவிட்டது பயணம். நடுவில் இரண்டு நாள் விடுமுறை. திங்கட்கிழமை வந்து "என்ன பார்த்தீங்க?" என்று கேட்டால், பேருந்தில் யார் யார் வாந்தி எடுத்தார்கள் என்று வரிசையாகச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு புத்திசாலித்தனமாகத் திங்கட்கிழமைக்கு மாற்றினேன். எதைப் பார்க்க வேண்டும் என்றே தெரியாமல் வந்த பிள்ளைகள் புலி எங்கே, யானை எங்கே என்று தேடி, இரண்டும் இல்லை என்றதும் ஒருவரை ஒருவர் துரத்தி விளையாடினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பார்ப்பதற்கும் பழக வேண்டும். பார்த்ததை மெல்லவும் நேரம் வேண்டும். அதனால்தான் முன்னால் இரண்டு நாள், பின்னால் இரண்டு நாள்.

திங்கட்கிழமை காலை, எதையும் சொல்லிக் கொடுக்கும் முன்பே, ஆளுக்கொரு தாளைக் கொடுத்து எறும்பு வரையச் சொல்லுங்கள். படம் காட்டாதீர்கள், கரும்பலகையில் வரைந்தும் காட்டாதீர்கள். எறும்பைப் பார்க்காத பிள்ளை உலகத்திலேயே கிடையாது, ஆனாலும் வருகிற எறும்புகளைப் பாருங்கள். நாலு கால் எறும்பு, பத்துக் கால் எறும்பு, வயிற்றில் கால் முளைத்த எறும்பு, இமை வைத்த எறும்பு. ஏறக்குறைய எல்லாமே சிரித்துக்கொண்டிருக்கும். திருத்த வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். பெயரும் கிழமையும் எழுதி வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள். வியாழக்கிழமை இந்தத் தாள்களுக்கு வேலை இருக்கிறது.

அப்புறம் பெரிய தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, விலங்குகளைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள ஆசை என்று கேளுங்கள். பிள்ளைகள் சொல்கிற சொல்லிலேயே எழுதுங்கள். "எறும்பு தூங்குமா?", "பறவைக்குக் காது எங்கே?", "புழுவுக்கு வீடு உண்டா?" இப்படி வரும். இதில் எதைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம், எதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்று வகுப்பாகப் பேசிப் பிரியுங்கள். ஏழு வயதுக்கு இது கொஞ்சம் அதிகம் என்று தோன்றும். தோன்றட்டும், அவர்கள் நம்மைவிட வேகமாகப் பிரித்துவிடுவார்கள்.

விலங்கிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் கதை டார்வினுடையது. மண்புழுவுக்குக் காது கேட்குமா என்று அவருக்குச் சந்தேகம். மண்நிரப்பிய தொட்டிகளில் புழுக்களை வைத்துக்கொண்டு விசில் ஊதினார். பஸூன் என்கிற நீளமான ஊதுகுழலை அடித்தொண்டைக் குரலில் வாசிக்க வைத்தார். புழுக்கள் கண்டுகொள்ளவே இல்லை. அதே தொட்டியைப் பியானோவின் மேல் வைத்து ஒரு கட்டையைத் தட்டியதும் சட்டென்று வளைக்குள் போய்விட்டன. அதாவது ஒலி கேட்கவில்லை, அதிர்வு தெரிகிறது. இதையெல்லாம் அவர் 1881-இல் வெளியிட்டபோது வயது 72. உலகமே மதித்த ஒரு தாத்தா புழுவுக்குக் கச்சேரி நடத்திய காட்சியைச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். மேசை மேல் கன்னத்தை வைத்து, மறுமுனையை ஒருவர் விரலால் மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள். புழுவுக்கு எப்படித் தெரிந்தது என்பது அவர்களுக்கும் தெரிந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை முழுக்கப் பழக்கம்தான். மூன்று மீட்டர் நூலை எடுத்து இரு முனையையும் முடிச்சுப் போட்டால், தரையில் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலமுள்ள வட்டம் கிடைக்கும். இரண்டு பேருக்கு ஒரு வட்டம். பள்ளி வளாகத்தில் எங்கே வேண்டுமானாலும் விரித்துக்கொள்ளட்டும். மூன்று நிமிடம் பேசாமல் அந்த வட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் நிமிடம் "ஒண்ணுமே இல்லை" என்பார்கள். இரண்டாவது நிமிடம் ஒரு எறும்பு வரும். மூன்றாவதில் அந்த எறும்புக்குப் பெயர் வைத்திருப்பார்கள். அடுத்த சுற்று ஐந்து நிமிடம். அதற்கு மேல் இந்த வயதில் இழுக்க வேண்டாம்.

உட்காருவதற்கு முன் ஜேன் குடால் சிறுமியாக இருந்தபோது நடந்ததைச் சொல்லலாம். கோழி எப்படி முட்டை போடுகிறது என்று பார்க்க, நாலு வயதில் கோழிக்கூண்டுக்குள் போய் மணிக்கணக்கில் அசையாமல் ஒளிந்திருந்தார். வீட்டில் எல்லாரும் பதறித் தேடியிருக்கிறார்கள். திரும்பி ஓடிவந்த மகளை அம்மா திட்டவில்லை, உட்கார்ந்து கதை கேட்டார். அந்தப் பெண்தான் 1960-இல் தான்சானியாவின் கோம்பே காட்டுக்குப் போய், சிம்பன்சி ஒரு குச்சியைச் சீவிப் புற்றுக்குள் விட்டுக் கரையான் எடுத்துத் தின்பதைப் பார்த்தவர். மனிதன் மட்டும்தான் கருவி செய்கிறான் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் யோசிக்க வேண்டியதாயிற்று. கதையைச் சொல்லிவிட்டு, யாருக்கும் தெரியாமல் எங்கேயும் போய் ஒளியக்கூடாது என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள். நான் சேர்க்க மறந்த ஆண்டில் ஒரு பையனைக் கால் மணி நேரம் தேடினோம். விறகு அடுக்குக்குப் பின்னால் பூனைக்காகக் காத்திருந்தான்.

எறும்புச் சாரை எங்காவது கண்ணில் பட்டால் விடாதீர்கள். சாரையின் குறுக்கே விரலால் ஒருமுறை அழுத்தித் தேய்த்துவிடுங்கள். வந்த எறும்புகள் அந்தக் கோட்டில் நின்று, திரும்பி, இங்குமங்கும் அலையும். கொஞ்ச நேரத்தில் ஒன்றிரண்டு தாண்டிவிட, மறுபடி வரிசை சேரும். எறும்பு போகிற வழியில் ஒரு வாசனையை விட்டுச் செல்கிறது, பின்னால் வருவது அதை மோப்பம் பிடித்து வருகிறது என்று நாம் சொல்வதற்குள் யாராவது ஒரு பிள்ளை, "டீச்சர், ரோட்டை அழிச்சிட்டீங்க" என்று சொல்லியிருக்கும்.

மழை படாத பொடிமண் இருக்கிற மூலையில் சின்னச் சின்னப் புனல் மாதிரிக் குழிகள் இருந்தால் உங்களுக்கு யோகம். குழியானை. குழியின் அடியில் உட்கார்ந்து, சறுக்கி விழும் எறும்பின் மேல் தலையால் மண்ணை வாரி இறைக்கும். குழி தோண்டும்போது பின்பக்கமாகத்தான் நகரும். பெரிதானதும் தட்டான் போல இறக்கை முளைத்துப் பறந்துவிடும், தட்டானுக்குச் சொந்தமில்லை என்றாலும். எல்லாவற்றையும்விடப் பிள்ளைகளுக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு: புழுவாக இருக்கும் காலம் முழுக்க, மாதக்கணக்கில் ஆனாலும், அது மலம் கழிப்பதே இல்லை. அதற்கு வழியே கிடையாது. எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, இறக்கை முளைத்த பிறகுதான் வெளியேற்றும். இதைச் சொன்னால் அடுத்த ஐந்து நிமிடம் வகுப்பு உங்கள் கையில் இருக்காது. உயிருள்ள எறும்பைப் பிடித்துக் குழியில் போட ஆசைப்படுவார்கள். நான் விடுவதில்லை. ஒரு புல்நுனியால் ஓரத்தை லேசாகச் சீண்டினாலே அது மண்ணை எறிந்து காட்டும்.

இருகண் நோக்கி எல்லாருக்கும் வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆறேழு வயதில் அது கழுத்தில் தொங்குகிற பாரம்தான். பறவையைக் கண்டுபிடித்துக் கண்ணில் வைப்பதற்குள் பறவை போய்விடும். அட்டைச் சுருள் குழாய் ஒன்று போதும். எதையும் பெரிதாக்காது, ஆனால் சுற்றியிருப்பதை மறைத்து ஒரே இடத்தைப் பார்க்க வைக்கும். அது போலவே திசை காட்டவும் பழக்குங்கள். "அதோ, அங்கே!" என்று கத்தினால் யாருக்கும் தெரியாது. மரத்தைக் கடிகாரமாக நினைத்து "மூணு மணிப் பக்கம்" என்று சொல்லச் சொல்லுங்கள். மணி பார்க்கும் பாடமும் அதிலேயே முடிந்துவிடும்.

இனி புதன்கிழமை. இடம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை, பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு குளக்கரை, ஒரு தோப்பு, பூங்காவின் கவனிக்கப்படாத மூலை, எதுவும் சரி. இரண்டு மணி நேரம் பேருந்தில் போய் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வருவது பேருந்துப் பயணம்தான். ஒரு வாரம் முன்பே, அதே நேரத்தில், நீங்கள் தனியாகப் போய்ப் பாருங்கள்: கழிப்பறை எங்கே, நிழல் எங்கே, தேன்கூடு எங்கே. பறவைகள் விடிந்த முதல் சில மணி நேரத்தில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். எனவே எவ்வளவு சீக்கிரம் கிளம்ப முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கிளம்புங்கள். ஒவ்வாமை, இழுப்பு உள்ள பிள்ளைகளின் பட்டியலும் மருந்தும் உங்கள் கையில் இருக்கட்டும். ஏறும்போது, இறங்கும்போது, ஒவ்வொரு இடம் மாறும்போதும் தலை எண்ணுங்கள். கல்லைப் புரட்டுவது பெரியவர் வேலை, அதுவும் குச்சியால், பார்த்ததும் இருந்தபடியே திருப்பி வைக்க வேண்டும், யாரோ ஒருவருடைய கூரை அது. எதற்கும் தீனி போட வேண்டாம். சாப்பிடும் முன் கை கழுவ வேண்டும். பாதுகாப்பு பற்றி இவ்வளவு போதும், மற்றது உங்களுக்கே தெரியும்.

ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று பிரியுங்கள். இதில் பிரச்சினை பிள்ளைகள் இல்லை, கூட வருகிற பெரியவர்கள். இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு, தனியாக இருந்தால் கைபேசி. அவர்களுக்கும் வேலை கொடுங்கள்: ஆளுக்கொரு நோட்டு, தன் குழுவில் பிள்ளைகள் சொல்வதைச் சொன்னபடியே எழுத வேண்டும், திருத்தக்கூடாது. பதில் சொல்லவும் கூடாது, "நீ என்ன நினைக்கிற?" என்று மட்டும் கேட்கலாம். வியாழக்கிழமை அந்த நோட்டுகள்தான் உங்கள் பாடப்புத்தகம்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒரு பொறுப்பு. ஒன்று கால்களை எண்ணும். ஒன்று கண்ணை மூடிக் கேட்டு ஒலிகளைக் குறிக்கும். ஒன்று வளை, கூடு, வலை என்று வீடுகளைத் தேடும். ஒன்று பறப்பதை மட்டும் பார்க்கும். ஐந்தாவது குழுவுக்குத் தடயம்: விலங்கு இருக்காது, அது விட்டுப்போனது இருக்கும். எல்லாரும் ஆசைப்படுவது இந்தக் குழுவுக்குத்தான். ஈரமண்ணில் காலடி இருந்தால், நகக்குறி தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நாயின் தடத்தில் நகம் பதியும். பூனை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் பெரும்பாலும் பதியாது. இலையின் ஓரத்தில் கத்தரியால் வெட்டியது போல வட்டமாகத் துண்டு காணாமல் போயிருந்தால் அது இலைவெட்டித் தேனீயின் வேலை, தின்பதற்கு இல்லை, கூட்டுக்குள் மெத்தை போட. தாறுமாறாகக் கடித்திருந்தால் புழுவோ வெட்டுக்கிளியோ. ஆந்தை உட்காரும் மரத்தடியில் முடியும் எலும்புமாக உருண்டைகள் கிடக்கும். அது எச்சம் இல்லை, செரிக்காததை வாய் வழியாகத் துப்பியது. தொடாமல் பார்த்தாலே குட்டி எலும்புகள் தெரியும்.

உயிரியல் பூங்காவுக்குத்தான் போக முடியும் என்றால் அதிலும் தப்பில்லை. ஆனால் எல்லாக் கூண்டையும் சுற்ற வேண்டாம். மூன்றே விலங்கு, ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம். குரங்கின் முன்னால் பல்லைக் காட்டிச் சிரிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பல குரங்கினங்களில் பல்லைக் காட்டுவது பயத்துக்கோ மிரட்டலுக்கோ அடையாளம். சிரிப்பு என்று அவை எடுத்துக்கொள்ளாது.

ஒருமுறை எங்கள் வழியில் ஒரு சின்னப் பறவை செத்துக் கிடந்தது. கூட வந்த ஒரு பெரியவர் "தூங்குது, வாங்க போலாம்" என்று நகர்த்தப் பார்த்தார். நான் நிறுத்தினேன். செத்ததைத் தூங்குகிறது என்று சொன்னால் அன்றிரவு சில பிள்ளைகள் தூங்கப் பயப்படும். "இறந்துவிட்டது" என்று சொல்லி, தொடாமல், சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். எறும்புகள் ஏற்கெனவே வந்திருந்தன. ஒரு பெண் கேட்டாள்: "எறும்புங்க அதுக்கு உதவி செய்யுதா?" பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. எறும்புகள் தங்கள் குஞ்சுகளுக்குச் சாப்பாடு எடுத்துப் போகின்றன என்றேன். அவள் ஒத்துக்கொண்டாள், ஆனாலும் ஒரு இலையைப் பறவையின் மேல் போட்டுவிட்டுத்தான் வந்தாள்.

வியாழக்கிழமை முதல் அரை மணி நேரம் பேச விட்டுவிடுங்கள். அப்புறம் மறுபடியும் எறும்பு வரையச் சொல்லுங்கள். முடித்ததும் திங்கட்கிழமைத் தாளைப் பக்கத்தில் வையுங்கள். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். ஒரு சிறுமியின் இரண்டு தாள்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. முதலாவதில் நாலு கால், உருண்டை உடம்பு, பெரிய சிரிப்பு. இரண்டாவதில் உடம்பு மூன்று துண்டாகப் பிரிந்து, ஆறு காலும் நடுத்துண்டிலிருந்து கிளம்பி, உணர்கொம்பு முழங்கை மாதிரி மடங்கியிருக்கிறது. சிரிப்பை மட்டும் விடவில்லை. மதிப்பெண் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று மேலிடம் கேட்டால் இந்த இரண்டு தாளையும் காட்டுங்கள். தேர்வு எதற்கு?

கால்கள் குழு எண்ணியதை வைத்துக் கணக்குப் போடலாம். பூச்சிக்கு ஆறு, சிலந்திக்கு எட்டு. பூரானுக்கு உடலின் ஒரு வளையத்துக்கு ஒரு ஜோடி, மரவட்டைக்குப் பெரும்பாலான வளையங்களில் இரண்டு ஜோடி. வளர்ந்த பூரானுக்குக் கால் ஜோடிகள் எப்போதும் ஒற்றைப்படையில்தான் இருக்கும். அப்படியானால் சரியாக நூறு கால் உள்ள பூரான் இருக்க முடியுமா என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். நூறு என்றால் ஐம்பது ஜோடி, ஐம்பது இரட்டைப்படை, எனவே முடியாது. கண்டுபிடிக்கிற பிள்ளை நாற்காலி மேல் ஏறி நிற்கும். 2021-இல் ஆஸ்திரேலியாவில், பூமிக்குள் 60 மீட்டர் ஆழத்தில் கண்டெடுத்ததாக அறிவிக்கப்பட்ட ஒரு மரவட்டைக்கு 1,306 கால்கள். நீளம் பத்து சென்டிமீட்டர்கூட இல்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, எச்சரித்துவிடுகிறேன். யாராவது ஒரு பிள்ளை கம்பளிப்புழுவின் கால்களை எண்ணிவிட்டு, "பதினாறு வருது, ஆனா வண்ணத்துப்பூச்சிக்கு ஆறுதானே?" என்று கேட்கும். நான் முதல் முறை திருதிருவென்று விழித்தேன். தலைக்குப் பின்னால் இருக்கிற மூன்று ஜோடிதான் உண்மையான கால்கள், கூர்மையாகக் கணுவோடு இருக்கும். பின்னால் இருப்பவை சதைப்பற்றான பொய்க்கால்கள், இலையைப் பற்றிக்கொள்ள. வண்ணத்துப்பூச்சி ஆகும்போது அவை இருக்காது. புழுவைப் புட்டியில் அடைத்து வகுப்பில் வளர்க்கலாமா என்றால், ஒரு வாரத்தில் அது முடியாது. அதற்கான இலை தீர்ந்துபோனால் வேறு எதைப் போட்டாலும் பட்டினி கிடந்து சாகும். செடியில் இருக்கிற புழுவை இடைவேளையில் போய்ப் பார்த்து வருவதே மேல்.

வெள்ளிக்கிழமை பக்கத்து வகுப்பைக் கூப்பிடுங்கள். உங்கள் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு செய்தியை அவர்களுக்குச் சொல்ல வேண்டும், தாளைப் பார்த்துப் படிக்காமல். சுவரில் ஒட்டிய கேள்விகளில் விடை கிடைத்ததைப் பிள்ளைகளே டிக் செய்யட்டும். கிடைக்காதவற்றை அவசரப்பட்டு நீங்கள் முடித்துவைக்காதீர்கள், அந்தத் தாள் ஆண்டு முடியும்வரை சுவரிலேயே இருக்கட்டும். எங்கள் வகுப்பில் "எறும்பு தூங்குமா" நாலு மாதம் இருந்தது. கடைசியில் ஒரு பையன் நூலகத்தில் தேடி எடுத்து வந்தான்: தூங்கும், நம்மைப் போல ஒரே மூச்சில் இல்லை, பகலும் இரவுமாகக் குட்டிக் குட்டித் தூக்கங்களாக.

புதன்கிழமை மழை வந்துவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். இடி மின்னல் இருந்தால் வியாழனுக்குத் தள்ளுங்கள். வெறும் தூறல் என்றால் போங்கள், மண்புழுவும் நத்தையும் வெளியே வரும் நாள் அது. நத்தையின் தலையில் நாலு கொம்பு இருக்கும். நீளமான இரண்டின் நுனியில் கண், குட்டையான இரண்டும் மோந்து பார்க்கவும் தடவிப் பார்க்கவும். நீளக் கொம்பின் அருகே ஒரு ஈரப் புல்லை மெதுவாகக் கொண்டு போனால், காலுறையைக் கழற்றும்போது உள்பக்கம் திரும்புமே, அப்படிக் கண் உள்ளே போய்விடும். மறுபடி வெளியே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள், சத்தம் போடாமல்.